மரங்கொத்தி சொன்ன கேரட் கதை

மெரியல் பவல் வேலையில் இருந்த காலம் முழுவதும் ஊர் உலகத்துக்கு ஒரே பதிலைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்: தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது புதிதல்ல. காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் உத்தியோகம். ஒருவன் தானே மடங்கிக்கொள்ளும் குடையைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதுவான். இவள் பழைய ஆவணங்களில் மூக்கை நுழைத்து, அவன் தாத்தா பிறப்பதற்கு முன்பே ஒரு பெல்ஜியக்காரன் அதே குடையை மடக்கிப் பார்த்துத் தோற்றுப்போனதைத் தேடி எடுப்பாள். அதை அனுப்பிவைக்கும் நாளில் அவளுக்கு மதியச் சாப்பாடு கூடுதலாக ருசிக்கும். சொந்தமாக யோசிக்கத் தெரிந்தவன் இந்த நாட்டில் அநேகமாக இல்லை என்ற முடிவுக்கு அவள் சிறுவயதிலேயே வந்துவிட்டாள். அந்த முடிவை மாற்றிக்கொள்ள அலுவலகம் ஒரு காரணமும் தரவில்லை.

புருஷன் கிரஹாம் நாய் வளர்க்கும் ஒருத்தியோடு போய்விட்டபோதுகூட அவள் அழவில்லை. அந்தப் பெண் எழுதிய வாழ்த்து அட்டையில் எத்தனை எழுத்துப்பிழை என்று மட்டும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாள்.

ஓய்வு பெற்றதும் ஹெரிஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள லெட்பரி என்ற சிற்றூருக்கு வந்தாள். மாடிப்படி இல்லாத வீடு அங்கே கிடைத்தது, அவ்வளவுதான். ஊரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. பழைய மரவீடுகளைச் சாய்ந்து நின்று படம் எடுப்பவர்கள், நாயோடு பேசுகிறவர்கள், வானிலையைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல் சொல்கிறவர்கள். அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குறுக்கெழுத்தை எடுத்துக்கொள்வாள்.

குறுக்கெழுத்து என்றால் எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று கேட்கும் பள்ளிக்கூட சமாச்சாரம் இல்லை. இது வேறு. இங்கே குறிப்பு வாயால் ஒன்றைச் சொல்லும், வயிற்றில் இன்னொன்றை வைத்திருக்கும். நாலு சொல்லுக்குள் ஒரு பொய், ஒரு உண்மை, ஒரு கலைந்த சொல், எல்லாம் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது காலைக் காபி. தெரியாதவர்களுக்கு அது காலைத் தலைவலி. இந்தத் தலைவலிக்காரர்களுக்காக ஒரு வலைப்பக்கம் உண்டு. பத்திரிகையில் அன்றன்று வரும் புதிரை யாராவது ஒருவர் விடிகாலையில் போட்டு முடித்து, ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று விளக்கி எழுதிவிடுவார். கிழமைக்கு ஒருவர், கூலி கிடையாது, சொந்தப் பெயரும் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் மெரியலின் முறை. அவள் பெயர் மரங்கொத்தி.

மரங்கொத்தியின் பக்கத்துக்குத் தனி மரியாதை இருந்தது. தப்பே வராது. இரக்கமும் வராது. புதிரைக் கட்டியவன் அரைத்த மாவை அரைத்திருந்தால், 'இவருக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறேன், விரைவில் குணமடையட்டும்' என்று எழுதுவாள். படிப்பவர்கள் அதற்காகவே வந்தார்கள். மெரியலுக்கு அவர்கள்மேலும் மதிப்பில்லை. விளக்கினால்தான் புரியும் என்கிறவனுக்கு விளக்கியும் என்ன ஆகப்போகிறது என்பது அவள் கட்சி. ஆனாலும் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி விட்டதில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய நர்சரி இருக்கிறது. செடி, தொட்டி, பறவைத் தீனி விற்கும் இடத்தின் நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட தேநீர்க்கடை. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தோட்டத்து நத்தைகளைக் கொல்ல மருந்து வாங்கப் போன மெரியல் கால் வலித்ததால் அங்கே உட்கார்ந்தாள். ஸ்கோன் என்ற குட்டி ரொட்டியை இரண்டாகப் பிளந்து ஜாம் தடவும்போது பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் கேட்டது.

"பூவைப் பார்த்து ஏமாறாதீங்க. ஓடுறது எதுவோ அதுதான் பூ."

மெரியலின் கத்தி நின்றுவிட்டது. காலையில் அவள் எழுதிய வரி அது. அன்றைய குறிப்பு, 'ஹெரிஃபோர்டில் ஒரு பூ' என்பது. ஆங்கிலத்தில் ஃப்ளவர் என்றால் பூ. அதே எழுத்துகளை ஃப்ளோவர் என்று வாசித்தால் ஓடுகிற ஒன்று. ஹெரிஃபோர்டில் ஓடுவது வை ஆறு. விடை அதுதான். பழைய தந்திரம், மெரியல் அதற்கு மூன்று வரிக்குமேல் ஒதுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் மூன்று வரியை மூன்று மைல் இழுத்தது. பூ என்று ஒரு நிறுத்தம். ஓடுவது என்று ஒரு நிறுத்தம். பிறகு குரலை இறக்கி, நம்மூர் ஆறுதானே என்றது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் 'அட' என்றார்கள்.

முதலில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தன் வாசகன் ஒருவன் இந்த ஊரிலேயே இருக்கிறான். திரும்பிப் பார்த்தாள். சிவந்த முகம், கம்பளிக் கோட்டு, சட்டைப்பையில் மடித்த பத்திரிகை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண், இதெல்லாம் உனக்கு எப்படித்தான் தோணுதோ என்று கேட்டாள்.

"காலைல பல் தேய்க்கும்போது தோணிச்சு" என்றான் அவன்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே பெண்டாட்டிகூட இல்லை. நேராக இவன் கையே.

அந்த இடத்திலேயே எழுந்து, அது நான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். மெரியல் சொல்லவில்லை. விண்ணப்பம் போட்டவனை முழுதாகப் பேசவிட வேண்டும், சாட்சியம் சேர வேண்டும், பிறகுதான் கழுத்தில் கை வைக்க வேண்டும். அலுவலகத்தில் கற்ற பாடம். இந்த நாற்காலி காலியா என்று கேட்டு அவர்கள் மேஜையிலேயே போய் உட்கார்ந்தாள்.

அவன் பெயர் டென்சில் வாக்கர். மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டே ஆயுசைக் கழித்தவன். குரல் அங்கே வளர்ந்த குரல். தேநீர் கேட்டாலும் பின்வரிசைக்குக் கேட்கும். எதிரில் இருந்தவள் பெரில், பல் வைத்தியர் ஒருவரின் விதவை, தன் பல்லைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள். மூன்றாவது ஆள் கோலின். கால்நடை மருத்துவனாக இருந்தவன், ஒரு காது கேட்காது, மறு காதால் டென்சிலை மட்டும் கேட்பான். வாரநாட்களில் காலை இந்த மேஜை கூடும். மூவரிடமும் பத்திரிகை இருக்கும். பெரிலும் கோலினும் ஆளுக்கு நாலைந்து கட்டம் நிரப்பியிருப்பார்கள், அதிலும் பாதி தப்பு. டென்சிலின் தாளில் மட்டும் ஒரு கட்டம் மிச்சமிராது, ஒரு அடித்தல் இராது.

அடித்தலே இல்லாத தாள் எதன் அடையாளம் என்று அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் மெரியலுக்கு ஆச்சரியம். மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிற கோலினுக்கு, மனிதனின் தாளைப் பார்த்துத் திருட்டு தெரியவில்லை.

அவளுக்குக் குறுக்கெழுத்துப் பழக்கம் உண்டா என்று டென்சில் விசாரித்தான். கொஞ்சம் என்றாள். அவன் முகத்தில் ஒரு கனிவு வந்தது. கன்றுக்குட்டியைப் பார்க்கும் கனிவு.

"பயப்படாதீங்க அம்மணி. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா தானா வந்துடும்."

மெரியல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டாள். திங்கட்கிழமைகளில் டென்சில் வளவளவென்று பேசினால் அது லீட்ஸ்காரர் ஒருவர் வலைப்பக்கத்தில் எழுதியது. அந்த ஆளுக்கு முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாது. வியாழக்கிழமைகளில் கிரிக்கெட் உவமை வந்தால் அது வேறொருவர். செவ்வாயும் வெள்ளியும் அவள். தன் ஏளனத்தைத் தன் எதிரிலேயே, தன் சொற்களிலேயே, இன்னொரு தொண்டையிலிருந்து கேட்டாள். புதிர் கட்டியவருக்குக் காய்ச்சல் என்று அவள் எழுதினால், டென்சில் அதற்கு இருமல் சேர்த்து, போர்வை போர்த்தி, மருமகளைக் கஞ்சியோடு அனுப்பிவைப்பான். பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். மெரியலின் வரியில் கஞ்சி கிடையாது, மருமகளும் கிடையாது. மலிவான சேர்க்கை என்று நினைத்தாள். பால்காரன் தண்ணீர் ஊற்றுவதுபோல.

ஒரு நாள் 'குழந்தைத் தூக்கம், ஆனால் குற்றம்' என்று ஒரு குறிப்பு வந்தது. கிட் என்றால் குழந்தை, நாப் என்றால் குட்டித்தூக்கம், சேர்த்தால் கிட்நாப், அதாவது ஆள்கடத்தல். பாலர் வகுப்புச் சமாச்சாரம். டென்சில் அதை மேஜைமேல் வைத்து, மெரியல் பக்கம் சாய்ந்து, இதை நீங்களே முயற்சி பண்ணுங்க அம்மணி, அவசரமில்லை என்றான். விடை அவளே காலையில் எழுதியது. அவள் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாள். அவன் விளக்கினான். புரிந்ததா என்று கேட்டான். புரிந்தது என்றாள். பெரில் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். இனிப் பொறுப்பதில்லை என்று தீர்மானித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் புதிரில் ஒரு குறிப்பு: 'காதில் விழுந்த காய், தங்கத்தில் எத்தனை?' விடை கேரட். தங்கத்தின் கேரட்டும் தோட்டத்துக் கேரட்டும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி ஒன்று. காதில் விழுந்த என்றாலே ஒலியைச் சொல்கிறது. இதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை. மெரியல் மேலும் விளக்கினாள். முற்காலத்தில் லண்டன் தட்டான்கள் தங்கத்தைக் காய்ந்த கேரட் வில்லைகளை எடைக்கல்லாக வைத்துத்தான் நிறுத்தார்கள், பெயர் வந்ததே அப்படித்தான் என்று எழுதினாள். ஈரக் காற்று பட்டால் வில்லை ஊறி எடை கூடிவிடும், ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மழைநாளில்தான் தங்கம் வாங்குவார்கள் என்று ஒரு வரியும் சேர்த்தாள். அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய். நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. கொஞ்சம் மூளை உள்ளவன் இங்கிலாந்தில் மழையில்லாத நாள் எது என்று கேட்டிருப்பான்.

டென்சில் கேட்கவில்லை. மேஜைக்கு வந்தவன் கோட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். தட்டான்கள் வந்தார்கள், தராசு வந்தது, மழை கொட்டியது. பிறகு யாரும் எழுதிக் கொடுக்காத ஒருவரும் வந்தார்.

"எங்க மாமா ஒருத்தர் பிரிஸ்டல்ல நகைக்கடை வெச்சிருந்தார். அவர்கிட்ட அந்தக் காலத்துக் கேரட் வில்லை ஒண்ணு இருந்துச்சு, கறுப்பா, பொத்தான் மாதிரி. சின்னதுல நான் அதைக் கடிச்சுப் பாத்துட்டு செம அடி வாங்கினேன்."

ருசி எப்படி இருந்தது என்று கோலின் கேட்டான். உப்புக் கரித்தது என்றான் டென்சில்.

மெரியல் காத்திருந்தாள். யாராவது சிரிப்பார்கள், யாராவது முழிப்பார்கள் என்று. பெரில் தன் மோதிரத்தைக் கழற்றி உள்பக்கம் பார்த்துக்கொண்டாள். பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் கதையைச் சொன்னாள். அடுத்த வாரம் தேநீர்க்கடைப் பலகையில் கேரட் கேக்குக்குப் பக்கத்தில் 'தட்டான் கேக்' என்று சாக்கட்டியில் எழுதியிருந்தது. நன்றாக விற்றதாம்.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரைச் செய்து கொடுத்துவிட்டு வந்தாள் மெரியல்.

அது போதாதென்று, அந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்து வலைப்பக்கத்தைத் திறந்தால் அங்கே வேறு கூத்து. கிழட்டு நாரை என்ற பெயரில் எழுதும் ஒருவர், மிகுந்த மரியாதையோடு, கேரட் என்ற சொல் ஒரு மரத்தின் விதையிலிருந்து வந்தது, அந்த விதையைத்தான் எடைக்கு வைத்தார்கள், காய்கறிக்கு இதில் வேலையில்லை என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே வரிசையாக ஆட்கள். மரங்கொத்திக்கு அலகு மழுங்கிவிட்டதா என்று ஒருவர். இவருக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறேன், விரைவில் குணமடையட்டும் என்று இன்னொருவர், அவள் வரியையே எடுத்து. இத்தனை வருஷம் அவள் விளக்கினால்தான் புரிந்துகொண்ட கூட்டம், அவள் சறுக்கியதும் எல்லாம் தெரிந்தவர்களாகிவிட்டது.

வேண்டுமென்றேதான் எழுதினேன் என்று சொல்ல முடியுமா? ஏன் என்று கேட்பார்கள். நர்சரியில் ஒரு மாட்டு ஏலக்காரனைப் பிடிக்க என்று சொல்ல வேண்டும். அந்த வரியைத் தட்டச்சிட்டுப் பார்த்தாள். படிக்கவே வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டு, தவறுக்கு வருந்துகிறேன் என்று மட்டும் எழுதினாள். பக்கத்தை நடத்துபவர் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இவ்வளவு காலம் உழைத்திருக்கிறீர்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் என்ன என்று இனிமையாகக் கேட்டிருந்தார். கேள்விக்குறி மரியாதைக்காகப் போட்டது. செவ்வாயும் வெள்ளியும் லீட்ஸ்காரருக்குப் போயின.

அடுத்த செவ்வாய்க்கிழமை டென்சில் பத்திரிகையை மேஜையில் வைத்த கையோடு தொண்டையைச் செருமினான். போன வாரக் கேரட் விஷயத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றான். மெரியல் நிமிர்ந்தாள். ஒப்புக்கொள்ளப்போகிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"இன்டர்நெட்ல மரங்கொத்தின்னு ஒரு அரைவேக்காடு. கண்டதை எழுதி வெக்கிறது. அதைப் படிச்சுட்டு எவனோ எங்க மாமாகிட்ட கதை விட்டிருக்கான், அவரும் நம்பிட்டார் பாவம்."

மாமா செத்தபோது ஊரில் தொலைக்காட்சிகூட எல்லா வீட்டிலும் இருந்திருக்காது. கோலின் தலையாட்டினான். இந்த இன்டர்நெட்டே இப்படித்தான் என்றாள் பெரில்.

மெரியல் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த மரங்கொத்தி நான்தான்" என்றாள்.

  சொல்ல ஆரம்பித்துவிட்டால் பிறகு மெரியல் நிறுத்துகிறவள் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் டென்சில் சொன்னதெல்லாம் தன் வரி என்றாள். பூவும் ஆறும் தன் வரி, காய்ச்சல் தன் வரி. திங்கட்கிழமைகளில் அவன் ஏன் வளவளவென்று பேசுகிறான், வியாழன்தோறும் ஏன் கிரிக்கெட் வருகிறது என்பதையும் சொன்னாள். கேரட் அவனைப் பிடிப்பதற்காகவே வைத்த பொறி என்றாள். அலுவலகத்தில் எழுதும் கடைசிக் கடிதம்போல, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லி முடித்தாள்.

டென்சிலின் முகம் சிவப்பிலிருந்து இன்னும் சிவப்பானது. ஆனால் பேசியது பெரில்.

"அவருக்குத் தானா தோணினது இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதா மெரியல்? எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ இந்த மனுஷனுக்கு நாள்காட்டில நாள் பாக்கவே வராது. எங்கேயோ எடுத்துட்டு வர்றார், எடுத்துட்டு வரட்டுமே. ஆயுசு பூரா மாடு வித்தவர். அந்த மாட்டையெல்லாம் இவரா பெத்தார்?"

 

கோலின் காதைத் திருப்பிக்கொண்டு, அப்படியானால் இன்றைக்கு நீங்களே சொல்லுங்களேன், சரக்கு உங்களுடையதுதானே என்றான். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டான். மெரியல் பத்திரிகையை விரித்தாள். அன்றைய புதிரில் ஒரு அழகான குறிப்பு இருந்தது. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து, நடுவில் ஒரு எழுத்தைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் ஒரு பழைய ரோமன் எண்ணைச் செருகி, எல்லாவற்றையும் கடைசியிலிருந்து வாசிக்க வேண்டும். கட்டியவனின் கைத்திறனை அவளே மெச்சியிருந்தாள், அது அபூர்வம். ஒவ்வொரு படியாக, துல்லியமாக, ஒன்றும் விடாமல் விளக்கினாள்.

இரண்டாவது படியில் பெரில் கைப்பையில் கண்ணாடி தேடினாள். மூன்றாவது படியில் கோலின் வெளியே மழை வருமா என்று பார்த்தான். ஐந்தாவது படிக்கு வரும்போது பெரில் கழிப்பறைக்குப் போயிருந்தாள். மாடு நல்ல மாடுதான். வாங்க ஆளில்லை.

கேட்டுக்கொண்டிருந்தது டென்சில் ஒருவன்தான். முழங்கையை மேஜைமேல் ஊன்றி, வாய் லேசாகத் திறந்து, கடைசிவரை கேட்டான். அவள் முடித்ததும் அந்த ரோமன் எண் எங்கே வந்தது என்று மறுபடி காட்டச் சொன்னான். காட்டினாள். பிறகு குரலை இறக்கினான்; அவனுக்கு இறக்கவும் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நான் ஒரு நாளும் ஒரு புதிரைக்கூட முழுசா முடிச்சதில்ல. காலைல உக்காந்து பாப்பேன். ரெண்டு மூணு வரும். அப்புறம் உங்க பக்கத்தைத் திறப்பேன்."

மெரியலுக்குத் தெரியாத செய்தி இல்லை. இரண்டு மூன்று வரும் என்பதுகூடப் பெருமைக்குச் சொன்னதாக இருக்கும் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லையே என்று கவனித்தாள். கேட்க அவளும் இடம் கொடுக்கவில்லை. அன்று தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் போனாள். இரண்டு வாரம் தாங்கியது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். லீட்ஸ்காரர் அவள் கிழமைகளில் எழுதுவதைப் படித்தாள். முற்றுப்புள்ளி இல்லாமல் அந்த ஆள் ஓடிய ஓட்டத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. இதையும் அந்த மேஜையில் டென்சில் விற்றுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்தபோது, மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போனவள் நிபந்தனையோடு போனாள். காலையில் தானே டென்சிலுக்கு விளக்கத்தை எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். அவன் சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மரங்கொத்தி சொன்னது என்று சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மாமா வரக் கூடாது. கஞ்சி கூடாது. டென்சில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சந்தையில் வாக்குக் கொடுத்துப் பழகியவன், கொடுப்பதில் அவனுக்குச் சிரமமே இல்லை.

காப்பாற்றவும் செய்தான், அவன் வழியில். மரங்கொத்தி சொன்னது என்று ஆரம்பிப்பான். ஆனால் அந்தப் பெயரையே ஏலம் விடுவான். நல்ல ஜாதி, குறையே கிடையாது, கொஞ்சம் முட்டும், கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்று அவளைக் கைகாட்டுவான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வசந்தம் வருவதற்குள் நாற்காலி போதாமல் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புதிர் என்றால் என்னவென்றே தெரியாது. மெரியல் அவர்களில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வலைப்பக்கக்காரர் ஓய்வு போதும் என்று கிழமைகளைத் திருப்பிக் கொடுத்தபோது, செவ்வாயை மட்டும் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கு நேரமில்லை என்று பதில் போட்டாள்.

மே மாதத்தில் டென்சிலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே எழும்பவில்லை. மருத்துவர் பேசவே கூடாது என்றுவிட்டார். அவன் வீட்டில் இருக்க, அன்றைய விளக்கத்தை வாசிக்கப் பெரில் முன்வந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பலசரக்குச் சீட்டை வாசிப்பதுபோல வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினாள், ஓட வேண்டிய இடத்தில் இருமினாள். விடையைக் குறிப்புக்கு முன்பே சொல்லிவிட்டாள். கூடியிருந்தவர்கள் மரியாதைக்குக் காத்திருந்தார்கள்.

மெரியல் ஒரு குறிப்பு பொறுத்தாள். இரண்டாவதற்குத் தாளைப் பெரிலின் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"அங்க ஓடக் கூடாது. கேக்குறவங்களை ஏங்க விடணும்."

வாசித்தாள். முதல் வரி வறட்சியாகத்தான் வந்தது. பிறகு எங்கே என்று சொல்ல முடியாது, ஒரு சொல்லை இழுத்தாள். இழுத்த சொல்லைத் தொங்கவிட்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். புதிரைக் கட்டியவருக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்த இடத்தில் நிற்காமல், வைத்தியரைக் கூப்பிட்டாள், வைத்தியர் வரும் வழியில் வண்டி பழுதானது, கால்நடை மருத்துவர்தான் கிடைத்தார் என்று கோலினைக் கைகாட்டினாள். தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. கடைசி மேஜைவரை சிரித்தார்கள். கோலின் எழுந்து தலைவணங்கினான். குரல் கண்ணாடிக் கூரையில் பட்டுத் திரும்பியபோது அது தன் குரல்தானா என்று மெரியலே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

பெரில் அன்று மாலையே டென்சிலின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மறுவாரம் அவன் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மேஜைக்கு வந்து, கரகரத்த குரலில் மெரியலிடம் நேராகவே கேட்டான்.

"கோலினை வைத்தியம் பாக்க அனுப்பினீங்களாமே. அதெங்க எழுதியிருந்துச்சு?"

எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை என்றாள் மெரியல். பெரில் சொல்வதையெல்லாம் நம்புகிறவர்களுக்கு என்ன சொல்ல முடியும் என்றும் சொல்லிவிட்டு, ஸ்கோனுக்கு ஜாம் தடவ ஆரம்பித்தாள். இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள். டென்சிலின் தொண்டை சரியான பிறகும் வாரத்தில் ஒரு நாள் அவளே வாசிக்கிறாள். அவனுக்கு ஓய்வு கொடுப்பதற்காக என்பது அவள் சொல்லும் காரணம். அந்தக் கூட்டத்தைப் பற்றிய அவள் அபிப்பிராயம் ஒரு இம்மிகூட மாறவில்லை.